விவாகரத்துத் தீர்ப்பு நகல் கிடைக்கவில்லையா? எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்ப்போம்

வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது இதே குறையோடு வந்து நிற்பார். மறுமணப் பதிவு, பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் நீக்கம், வெளிநாட்டு விசா, குடும்ப ஓய்வூதியம் என்று காரணம் மாறும், கேள்வி மாறாது. “பத்து வருடத்துக்கு முன்னால் விவாகரத்து ஆனது. அந்தப் பேப்பரை எங்கே வாங்குவது?”

தேடத் தொடங்குமுன் எதைத் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். பிறப்புக்கும் இறப்புக்கும் திருமணத்துக்கும் சான்றிதழ் உண்டு. விவாகரத்துக்குத் தனிச் சான்றிதழ் என்று தமிழ்நாட்டில் எந்த அலுவலகமும் தருவதில்லை. திருமணத்தைப் பதிவுசெய்த சார்பதிவாளர் அலுவலகத்தில் போய்க் கேட்டுப் பயனில்லை. நீதிமன்றத்தில் இருப்பவை இரண்டு தாள்கள். காரணங்களை விவரித்து நீதிபதி எழுதியது தீர்ப்புரை. முடிவை மட்டும் ஓரிரு பக்கத்தில் சொல்வது தீர்ப்பாணை. வளாகத்தில் முன்னதை ஃபேர் ஆர்டர் என்பார்கள், பின்னதை டிக்ரீ என்பார்கள். இரண்டுக்கும் சேர்த்தே சான்றிட்ட நகல் கேளுங்கள். ஒன்றை மட்டும் வாங்கிப் போனவர் மற்றதற்காகத் திரும்பி வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: வழக்கு எண்ணே தெரியாது

பத்தில் ஏழு பேருக்கு நோய் இதுதான். தாள் தொலைந்துவிட்டது என்று வருவார்கள், தொலைந்தது எண். எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எண் இல்லாமல் கவுன்டரில் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்பது, நெல் குவியலில் ஒரு நெல்லைக் காட்டி “இதோடு பிறந்தது எது?” என்று கேட்பதைப் போன்றது.

செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டில் பழைய பையைக் கொட்டிப் பாருங்கள். அழைப்பாணை, எதிர் மனு, ஜீவனாம்ச ரசீது, குழந்தையைப் பார்க்கும் நாள் குறித்த உத்தரவு என ஏதாவது ஒரு தாளில் எண் இருக்கும். அது விவாகரத்து வழக்கின் எண்ணாக இல்லாமல் ஜீவனாம்ச வழக்கின் எண்ணாக இருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். அந்த வழக்கின் கட்டில், அதாவது கோப்பில், உள்ள மனுவில் விவாகரத்து வழக்கின் எண்ணைக் குறிப்பிட்டிருப்பார்கள்.

வீட்டில் இல்லையென்றால் அன்று வழக்கு நடத்திய வழக்கறிஞரைக் கேளுங்கள். அவர் காலமாகியிருந்தாலும் அவருடைய ஜூனியரோ குமாஸ்தாவோ அந்த ஊரில்தான் இருப்பார். வழக்கறிஞருக்கு முகம் நினைவிருக்கும், குமாஸ்தாவுக்கு எண் நினைவிருக்கும். அவர் நாட்குறிப்புகளை எளிதில் எறிவதில்லை. முன்னாள் துணைவருடன் பேசும் நிலை இருந்தால் அங்கும் கேட்கலாம். சங்கடம்தான், ஆனால் சட்டப்படி அவருக்கும் ஒரு நகல் போயிருக்கும்.

அடுத்தது இணையம். நாடு முழுவதுக்குமான இ-கோர்ட்ஸ் தளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்துக் கட்சிக்காரர் பெயரால் தேடலாம். தேடியும் கிடைக்கவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் மூன்று தவறுகளில் ஒன்றைச் செய்திருப்பார்கள். நிலுவை, முடிந்தவை என்று அங்கே இரு தேர்வுகள் உண்டு; முடிந்த வழக்கை நிலுவையில் தேடுவார்கள். ஆண்டு என்று கேட்கும் இடத்தில் தீர்ப்பு வந்த ஆண்டைப் போடுவார்கள். அங்கே வேண்டியது வழக்குப் பதிவான ஆண்டு. மூன்றாவது, எழுத்துக்கூட்டல். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதுவது என்ற வழக்கமே நம்மிடம் இல்லை. லட்சுமியை நான்கு விதமாக எழுதலாம். முதலெழுத்து முன்னாலும் வரும், பின்னாலும் வரும். பெயரின் நடுத்துண்டை மட்டும் கொடுத்துத் தேடுங்கள், பிறகு துணைவர் பெயரால் தேடுங்கள். இருவரில் அரிதான பெயர் யாருடையதோ அதிலிருந்து தொடங்குவது நல்லது. குமார் என்று தேடினால் அன்றைக்கு வேறு வேலை பார்க்க முடியாது.

கிடைத்தால் அங்கே சி.என்.ஆர். என்ற 16 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் இருக்கும். தமிழ்நாட்டு வழக்கென்றால் ‘டி.என்.’ என்று தொடங்கும், கடைசி நான்கு இலக்கம் ஆண்டு. வழக்கு எண்ணோடு அதையும் எழுதி வையுங்கள். பிறகு வழக்கு எந்த நீதிமன்றத்துக்கு மாறினாலும் அதை வைத்து நூல் பிடித்துப் போகலாம்.

கணினிக்கு முந்தைய வழக்கென்றால் இணையத்தில் இருக்காது. நேரில் போய்ப் பதிவேட்டைத் தேடித் தரும்படி மனுக் கொடுக்க வேண்டும். இருவர் பெயர், தோராயமான ஆண்டு, வழக்கறிஞர் பெயர் ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் முன்னும் பின்னும் ஒவ்வோர் ஆண்டு சேர்த்துக் கேளுங்கள். “எண்பதுகளில் எப்போதோ” என்று எழுதினால் எந்த எழுத்தரும் பதிவேட்டைத் தூக்கமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அறிகுறி: எண் இருக்கிறது, “இங்கே அப்படி ஒரு வழக்கு இல்லை” என்கிறார்கள்

எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். எச்.எம்.ஓ.பி. என்றால் இந்துத் திருமணச் சட்டப்படியான மனு, ஐ.டி.ஓ.பி. என்றால் கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படியானது, எம்.சி. என்றால் ஜீவனாம்சம், ஜி.டபிள்யூ.ஓ.பி. என்றால் குழந்தையின் காப்பாளர் வழக்கு, ஐ.ஏ. என்பது பெரிய வழக்குக்குள் போடும் சிறு மனு. 45 என்ற எண் இவை ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் ஆண்டும் இருக்கும். எழுத்து தப்பினால் வேறு யாருடைய வழக்கோ வரும்.

எழுத்து சரியென்றால் நீதிமன்றம் தப்பு. குடும்பநல நீதிமன்றம் இருக்கும் ஊரில் வழக்கு அங்கே இருக்கும். சென்னையில் அவை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இயங்குகின்றன. குடும்பநல நீதிமன்றம் இல்லாத ஊரில் இந்துத் திருமண மனுவைச் சார்பு நீதிமன்றம் விசாரித்திருக்கும், கிறிஸ்தவ வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். எந்த ஊர் என்பதே குழப்பமாக இருந்தால், திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் குடியிருந்த ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் என்று வரிசையாகப் பாருங்கள். இந்துத் திருமணச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மனைவி மனுதாரர் என்றால் அவர் வசிக்கும் ஊரிலேயே போட்டிருக்கலாம். தாய்வீட்டு ஊரை மறந்துவிடுகிறார்கள்.

ஊரும் சரியென்றால் வழக்கு இடம் மாறியிருக்கிறது. இதற்கு மூன்று வழிகள் உண்டு. புதிதாகக் குடும்பநல நீதிமன்றம் தொடங்கியபோது சார்பு நீதிமன்றத்தின் வழக்குகள் அங்கே போய்ப் புது எண் பெற்றிருக்கும். மாவட்டம் பிரிந்திருக்கும், 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு பிரிந்த பிறகு ‘எங்கள் மாவட்டம்’ என்பது எது என்று பலருக்குத் தெரியவில்லை. முடிந்த வழக்கின் கட்டு பழைய மாவட்டத்து ஆவண அறையிலேயே இருக்கலாம். மூன்றாவது, கட்சிக்காரர் கேட்டு உயர் நீதிமன்றம் வேறு ஊருக்கு மாற்றியிருக்கும். எந்த வழியாக இருந்தாலும் பழைய நீதிமன்றத்தின் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே இன்ன நாளில் இன்ன இடத்துக்கு அனுப்பப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். “வழக்கு இல்லை” என்று சொல்பவரிடம் “பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியால் எனக்கு எத்தனையோ பயணம் மிச்சமாகியிருக்கிறது.

மேல்முறையீடு நடந்திருந்தால் கட்டு மேலே போயிருக்கும். குடும்பநல நீதிமன்றத் தீர்ப்பென்றால் உயர் நீதிமன்றம். தென் மாவட்டங்களுக்கு 2004 முதல் மதுரைக் கிளை. சார்பு நீதிமன்றத் தீர்ப்பென்றால் முதலில் மாவட்ட நீதிமன்றம். இந்த நிலையில் தனியாக அலையாதீர்கள், வழக்கறிஞரைப் பிடியுங்கள். மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியிருந்தால் கீழ் நீதிமன்ற நகலை மட்டும் வைத்துக்கொண்டு மறுமணம் செய்வது ஆபத்து.

அறிகுறி: இணையத்தில் வழக்கு தெரிகிறது, தீர்ப்பு திறக்கவில்லை

பதற வேண்டாம். கணவன் மனைவி வழக்குகளில் அந்தரங்கம் கருதி உத்தரவுகளைப் பொதுவில் காட்டாமல் இருப்பது உண்டு. திறந்தாலும் அந்த அச்சுப்படி எந்த அலுவலகத்திலும் செல்லாது. முத்திரையும் கையொப்பமும் உள்ள சான்றிட்ட நகல்தான் செல்லும். எண்ணைக் குறித்துக்கொண்டு நகல் மனுவுக்குப் போங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்று சிலர் கிளம்புவார்கள். நீதிமன்ற ஆவண நகலை அந்தந்த நீதிமன்ற விதிப்படிதான் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. அந்த மனுவுக்கான பத்து ரூபாயை வீணாக்காதீர்கள்.

அறிகுறி: நகல் மனு போட்டு வாரக்கணக்கில் ஆகிறது

முதலில் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், காரணம் பெரும்பாலும் அங்கேதான் தொங்கும். நீங்கள் மனு கொடுத்ததும் நகல் பிரிவு பக்கங்களைக் கணக்கிட்டு இவ்வளவு கட்டணம் அல்லது முத்திரைத்தாள் வேண்டும் என்று பட்டியல் ஒட்டும். யாரும் உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லப்போவதில்லை. குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகும். நீங்கள் வீட்டில் காத்திருப்பீர்கள், மனு எப்போதோ செத்திருக்கும். அப்படியானால் புது மனு போடுவதைத் தவிர வேறு வழியில்லை. நகல் மனு எண்ணை வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

பலகையில் பெயர் இல்லையென்றால் கட்டு நகல் பிரிவுக்கே வந்திருக்காது. முடிந்த வழக்கு ஆவண அறைக்குப் போய்ச் சேரச் சில மாதம் ஆகும். இடையில் அது நீதிமன்றப் பிரிவிலேயே, யாரோ ஒருவருடைய நாற்காலிக்குப் பின்னால் அடுக்கில் இருக்கும். ஒருமுறை ஒரு கட்டை ஆறு வாரம் தேடினோம். அதே தம்பதியின் ஜீவனாம்ச வழக்கின் கட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆகவே இணைந்த வழக்குகள் இருந்தால் எல்லா எண்களையும் மனுவில் எழுதுங்கள்.

அண்மையில் தீர்ப்பான வழக்கென்றால் தீர்ப்பாணை இன்னும் எழுதி முடிக்கப்படாமல் இருக்கலாம். அதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும். இந்துத் திருமணச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி விவாகரத்துத் தீர்ப்பாணையின் ஒரு நகலை இரு தரப்புக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். பலர் அதைக் கேட்பதே இல்லை. வாங்கிய சிலர் அது என்னவென்று தெரியாமல் வழக்கறிஞரிடமே விட்டுவிடுகிறார்கள்.

கட்சிக்காரர் வெளிநாட்டில் இருந்தால் வழக்கறிஞர் மூலமாகவோ அதிகாரப் பத்திரம் பெற்றவர் மூலமாகவோ மனு போடலாம். வெளிநாட்டில் எழுதிய அதிகாரப் பத்திரத்துக்கு இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பத்திரத்தை அலமாரியில் வைத்துவிட்டு நாலாம் மாதம் எடுத்து வருபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அறிகுறி: விவாகரத்து ஆகிவிட்டது என்று நினைத்தேன், பதிவில் வேறு மாதிரி இருக்கிறது

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். விளைவு பெரிது.

பரஸ்பர சம்மத மனுவில் முதல் முறை வந்து கையெழுத்துப் போட்டதோடு எல்லாம் முடிந்தது என்று ஊருக்குப் போனவர்கள் உண்டு. இந்துத் திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் அது பாதிதான். ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து கேட்க வேண்டும். தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; ஆனால் அதையும் மனுப் போட்டுத்தான் பெற வேண்டும். இரண்டாம் முறை யாரும் வராததால் மனு தள்ளுபடியாகியிருந்தால் நீங்கள் இன்னமும் திருமணமானவர்.

முடிவு என்ற கட்டத்தில் ‘டிஸ்மிஸ்டு ஃபார் டிஃபால்ட்’ என்று இருந்தால், வராததால் தள்ளுபடி என்று பொருள். ‘எக்ஸ்பார்ட்டி’ என்று இருந்தால் ஒருதலைத் தீர்ப்பு. அது செல்லும், ஆனால் மறுதரப்பு அதை நீக்கக் கேட்டு மனுப் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழைப்பாணையே முறையாகக் கிடைக்கவில்லை என்று காட்ட முடிந்தால், தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கேட்கும் உரிமை மறுதரப்புக்கு உண்டு. நீதிமன்றப் பிரிவினை, அதாவது திருமணம் நீடிக்கப் பிரிந்து வாழ அனுமதி, என்று தீர்ப்பாகியிருந்தால் அது விவாகரத்தே அல்ல. பத்தாம் பிரிவு வேறு, பதின்மூன்றாம் பிரிவு வேறு.

1869ஆம் ஆண்டுச் சட்டப்படி 2001க்கு முன் மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்ற கிறிஸ்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அன்றைய சட்டப்படி அந்தத் தீர்ப்பை உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு உறுதிசெய்தால்தான் அது நிறைவுபெறும். கீழ் நீதிமன்ற நகல் மட்டும் கையில் இருப்பவர்கள் உறுதிசெய்த உத்தரவையும் தேடி எடுங்கள்.

இந்தத் தலைப்பில் எது உங்களுக்குப் பொருந்தினாலும் அன்றே வழக்கறிஞரிடம் போய்விடுங்கள்.

அறிகுறி: நகல் கையில் இருக்கிறது, அலுவலகம் ஏற்கவில்லை

தீர்ப்புரை மட்டும் கொண்டுபோயிருப்பீர்கள், தீர்ப்பாணையையும் சேருங்கள். ஒளிநகல் என்றால் சான்றிட்ட நகலைக் காட்டுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஒட்டியிருந்தால் வேறு நகல் வாங்குங்கள். மேலே முத்திரை வைக்க அதில் இடமில்லை. தீர்ப்பு தமிழில் இருந்து கேட்பது வெளிநாடு என்றால் மொழிபெயர்ப்பும் ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் வேண்டியிருக்கும். அங்கே ‘விவாகரத்துச் சான்றிதழ்’ என்றே கேட்டால் இந்தியாவில் தீர்ப்பாணைதான் அந்த ஆவணம் என்று ஒரு கடிதம் இணைத்தால் பெரும்பாலும் போதும்.

மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததா என்று கேட்பார்கள். இந்துத் திருமணச் சட்டப்படி அது 90 நாள், 2003க்கு முன் 30 நாள். நகலின் கடைசிப் பக்கத்தில் மனுச் செய்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், கொடுத்த நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் என்று ஒரு சிறு வரிசை இருக்கும். பலர் ஒளிநகல் எடுக்கும்போது அந்தப் பக்கத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். நகலுக்குக் காத்திருந்த நாட்கள் அந்தக் கணக்கில் சேராது என்பதால் அந்த வரிசைக்கு மதிப்பு உண்டு.

பெயரிலோ திருமணத் தேதியிலோ எழுத்துப்பிழை இருந்தால் பேனாவால் திருத்தாதீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவின் கீழ் அதே நீதிமன்றத்தில் திருத்த மனுப் போடலாம். ஓரெழுத்துப் பிழைக்கு வழக்கறிஞரா என்று யோசிப்பீர்கள். ஆமாம், இதற்கு வழக்கறிஞர்தான்.

அறிகுறி: “கட்டு அழிக்கப்பட்டுவிட்டது”

1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டமும் அதன் கீழான விதிகளும் காலம் கடந்த தாள்களை அழிக்க அனுமதிக்கின்றன. ஆனால் கட்டு முழுவதும் போனதா, மனுக்களும் சாட்சியமும் மட்டும் போயினவா என்று எழுத்தில் கேளுங்கள். தீர்ப்பு தனியாக இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் பதிவேட்டின் அந்தப் பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் கேளுங்கள். வழக்கு எண், கட்சிக்காரர்கள், முடிவு, நாள் ஆகியவை அதில் இருக்கும். பழைய நகல் ஒன்றை வேறு எந்த அலுவலகத்திலாவது, வேறு எந்த வழக்கிலாவது தாக்கல் செய்திருக்கிறீர்களா என்றும் யோசியுங்கள். ஓர் அம்மாவுக்கு அவருடைய வாடகை வழக்கின் கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தோம்.

எதுவும் இல்லாத நிலையில் கட்டை மறுபடி உருவாக்கக் கேட்பதும், திருமண நிலை இன்னது என்று நீதிமன்றமே அறிவிக்கும் விளம்புகையைக் கேட்டுக் குடும்பநல நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதும்தான் மிச்சம். செலவும் காலமும் பிடிக்கும் வேலை. நல்ல வழக்கறிஞர் இல்லாமல் தொடாதீர்கள்.

அறிகுறி: எந்த நீதிமன்றத்திலும் பதிவே இல்லை

நீதிமன்றத்துக்கே போகாமல் முடித்திருப்பீர்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தீர்த்துவிட்டது, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ‘விடுதலைப் பத்திரம்’ எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கியது, இவையெல்லாம் எந்த ஆவண அறையிலும் இருக்காது. சாதி வழக்கப்படியான விவாகரத்தை இந்துத் திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த வழக்கம் உண்டு என்று நிரூபிக்கும் சுமை உங்களுடையது. காஜி தரும் தலாக் சான்று வெறும் கருத்து மட்டுமே, சட்ட ஆவணம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான்: இனியாவது நீதிமன்றம்.

அறிகுறி: அடுத்தவருடைய தீர்ப்பு வேண்டும்

மகளுக்கு வரும் மாப்பிள்ளை ஏற்கெனவே விவாகரத்தானவர், உண்மைதானா என்று பார்க்க வேண்டும் என்பார்கள். நியாயமான கவலை. ஆனால் வழக்கில் சம்பந்தமில்லாதவர் நகல் கேட்டால் காரணத்தைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லி நீதிபதியின் அனுமதி பெற வேண்டும். இந்த வழக்குகளை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது இந்துத் திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. விவரங்களை அச்சிட்டு வெளியிட்டால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அனுமதி எளிதில் வராது.

அதைவிட எளிய வழி, மாப்பிள்ளையிடமே சான்றிட்ட நகலைக் கேட்பது. நகலில் உள்ள எண்ணை இணையத்தில் போட்டு முடிவையும் நாளையும் ஒத்துப் பாருங்கள். தன் நகலை வாங்கித் தர அவருக்கு ஒரு மனுவும் சில வாரமும் போதும். போன மாதம் ஒரு தாயிடம் இதைத்தான் சொல்லி அனுப்பினேன். மறுவாரம் வந்தார். மாப்பிள்ளை வீட்டார் நகலைத் தரவில்லை. ஜாதகத்தைத் திருப்பித் தந்துவிட்டார்களாம்.